மூட்டு பார்க்கும் கருவியை முதுகில் வைத்தபோது

முடக்கு வாதத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அந்தச் சோதனை மனப்பாடம். மருத்துவர் கையைப் பிடித்து விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்துவார். பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள், கடைசியில் முழங்கால். எங்கே வலிக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது என்று 28 மூட்டுகளுக்குக் கணக்கு எழுதி, ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து ஓர் எண்ணுக்கு வருவார். எண் இறங்கினால் நோய் அடங்கியிருக்கிறது, ஏறினால் மருந்தை மாற்ற வேண்டும். பாதங்களுக்குக்கூட அந்த 28-இல் இடமில்லை. காலை ஊன்றினால் உயிர் போகிறது என்று நோயாளி அழுதால், அதைத் தனியாகத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கணக்கில் நுரையீரல் எங்கே வரப்போகிறது?

என் பெரியம்மாவின் எண் மிக நன்றாக இறங்கியிருந்த ஆண்டில்தான் அவருடைய நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு படிந்துகொண்டிருந்தது. மூட்டுகள் தேறிக்கொண்டே வர, மூச்சு தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. ஒரே நோயின் இரண்டு முகங்களில் ஒன்றை மட்டும் நாங்கள் எல்லோரும், மருத்துவர்கள் உட்பட, இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னொன்றைக் காட்டித் தந்தது புதிதாக வாங்கிய பெரிய எந்திரம் எதுவுமில்லை. அவருடைய மணிக்கட்டைப் பார்க்க எப்போதும் எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட் கருவிதான். அது அந்த அறையிலேயே இருந்தது. இதுதான் என்னை உறுத்துகிறது.

முடக்கு வாதம் மூட்டோடு நிற்கும் நோயில்லை என்று எல்லா மருத்துவப் பாடநூல்களும் சொல்லும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதுதான் இதன் அடிப்படை என்னும்போது, அது மூட்டுச் சவ்வை மட்டும் தேடிப் போய்த் தாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் நகர மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையிலுள்ள திசு தடித்துத் தழும்பேறும் இடைத்திசு நோய் ஒருவருக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு, முடக்கு வாதம் இருந்தால் 7.7 சதவீதம், இல்லாவிட்டால் 0.9 சதவீதம் என்று அது கணக்கிட்டது. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் அதன்பின் 2.6 ஆண்டுகளுக்குமேல் உயிரோடு இல்லை. அது பழைய மருந்துகளின் காலத்துக் கணக்கு. இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதால்தான் இதை எழுத எனக்குத் தைரியம் வருகிறது. ஆனால் அந்த 2.6 என்ற எண்ணை முதன்முதலில் படித்த இரவு நான் பெரியம்மாவிடம் தொலைபேசியில்கூடப் பேசவில்லை.

முழங்கால் மறைத்த மூச்சு

பெரியம்மா திண்டுக்கல் பக்கம் வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை நடத்தியவர். நாற்பதைத் தாண்டியதும் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. ஊரில் சரவாங்கி என்றார்கள். எண்ணெய், பத்தியம், கட்டு என்று சில ஆண்டுகள் கழிந்த பிறகுதான் சரியான மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குள் விரல்கள் கொஞ்சம் கோணிவிட்டன. முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது. மாவு கரைக்க முடிந்தது. அதுவே அவருக்குப் பெரிய வெற்றி.

மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது: மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்க அவருடைய முழங்கால்கள் அவரை விட்டதே இல்லை. பத்து எட்டு வைத்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்துவிடுவார். பழனிக்குப் போனால் விஞ்ச்சில்தான் மலையேறுவார். கடைத்தெருவுக்கு ஆட்டோ. மாடிப்படி பக்கமே போவதில்லை. மற்றவர்களுக்கு நுரையீரல் கெட்டால் அதை முதலில் சொல்வது படிக்கட்டுதான். படிக்கட்டையே விட்டுவிட்டவருக்கு யார் சொல்வது? முடக்கு வாதத்தில் நுரையீரல் நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

வறட்டு இருமல் இருந்தது. அதற்குத் தூதுவளை ரசம் இருந்தது. இத்தனை வருடம் விறகடுப்புப் புகையில் நின்றவர் இருமத்தான் செய்வார் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். உள்ளூர் மருத்துவர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததில் கோளாறு இல்லை என்று வந்தது. இந்த இடத்தில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தொடக்கநிலை இடைத்திசு நோய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மூட்டுவாத நோய்களில் நுரையீரலைச் சோதிப்பது பற்றி அமெரிக்காவின் மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பும் நெஞ்சுநோய் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இந்நோயைச் சல்லடை போட எக்ஸ்ரேயைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. உயர்நுணுக்க சி.டி. ஸ்கேனும் நுரையீரல் செயல்பாட்டுச் சோதனையும்தான் அதற்கு என்கிறது. எங்கள் கையில் இருந்ததோ எக்ஸ்ரே. அது நன்றாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகத் தூங்கினோம்.

திரையில் தெரிந்த கோடுகள்

மதுரையில் அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் அன்று பெரிய மருத்துவர் இல்லை. பயிற்சியில் இருந்த இளம் பெண் மருத்துவர் மணிக்கட்டு வீக்கத்தைப் பார்க்க ஸ்கேன் கருவியை எடுத்து வைத்திருந்தார். டோக்கன் வரிசையில் யாரோ முந்திவிட்டதைப் பற்றிப் பெரியம்மா அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். நியாயம் கேட்பதில் பெரியம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. நான்கு வாக்கியம் பேசி ஒரு மூச்சு, மூன்று வாக்கியம் பேசி ஒரு மூச்சு. அந்த மருத்துவர் வழக்கைக் கேட்டாரா என்று தெரியாது. மூச்சைக் கவனித்திருக்கிறார்.

“அம்மா, கொஞ்சம் திரும்பி முதுகைக் காட்டி உட்காருங்கள்” என்றார். முதலில் ஸ்டெதாஸ்கோப். முதுகின் அடிப்பகுதியில் வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது எழும் சத்தம்போல் இருப்பதால் இந்த நோயின் ஓசைக்கு மருத்துவத்தில் வெல்க்ரோ ஓசை என்றே பெயர். அதைக் கேட்டாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மணிக்கட்டில் இருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு, அதே தலைப்பகுதியை முதுகில், விலா எலும்புகளின் நடுவே வைத்தார். “ஜில்லென்று இருக்கிறதே, மூட்டு அங்கேயா இருக்கிறது?” என்றார் பெரியம்மா. மருத்துவர் சிரித்தாரே தவிரக் கையை எடுக்கவில்லை. ஓர் இடம், அதற்குக் கீழே ஓர் இடம், பக்கவாட்டில் ஓர் இடம் என்று நகர்த்திக்கொண்டே போனார். கருப்புத் திரையில், மேலே கிடந்த வெள்ளைக் கோட்டிலிருந்து கீழ்வரை டார்ச் அடித்ததுபோல் வெளிச்சக் கோடுகள் இறங்கின. பெரியம்மா மூச்சிழுக்கும்போதெல்லாம் அவையும் சேர்ந்து அசைந்தன.

அவற்றைப் பற்றி நான் பிறகு தேடிப் படித்தேன். அல்ட்ராசவுண்ட் என்பது மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. காற்று அதற்குப் பரம எதிரி. நுரையீரலோ காற்றுப்பை. அதனால் நுரையீரலைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவாது என்பதுதான் நெடுங்காலம் பாடம். நல்ல நுரையீரலில் ஒலி அதைப் போர்த்திய உறையின்மேல் பட்டதும் திரும்பிவிடும். அது கருவிக்கும் உறைக்கும் நடுவே போய்ப் போய் வருவதால் சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் தெரியும். ஏ கோடுகள் என்பார்கள். அவை உண்மையில் அங்கே இருக்கும் எதன் உருவமும் இல்லை, எதிரொலியின் எதிரொலி. உறைக்கு அடியில் உள்ள திசு நீர் கோத்தோ தழும்பேறியோ தடித்துவிட்டால் கதை மாறுகிறது. காற்றும் திசுவும் நெருக்கமாகக் கலந்து கிடக்கும் அந்தச் சிறு இடங்களில் ஒலி சிக்கி, விட்டுவிட்டுத் திரும்புகிறது. அதுதான் செங்குத்தாக இறங்கும் பி கோடு. பிரான்சில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய டேனியல் லிச்டென்ஸ்டைன் 1997இல் இந்தக் கோடுகளை இடைத்திசுக் கோளாற்றின் அடையாளமாக முன்வைத்தார். படத்தைக் கெடுக்கும் பிழை என்று ஒதுக்கப்பட்டதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் எனக்கு வியப்பு. 2012இல் வந்த சர்வதேசப் பரிந்துரைகள், ஒரே விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ பி கோடுகள் இருந்தால் அந்தப் பகுதி இயல்பாக இல்லை என்று கொள்ளலாம் என்றன.

மூட்டுவாத மருத்துவத்துக்குள் இதை அழைத்துவந்தவர்களில் இத்தாலியர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். பீசா நகரில் லூனா கர்கானி குழுவினர் 2009இல் தோல் இறுக்க நோயாளிகளிடம் பி கோடுகளை எண்ணி, அது சி.டி. காட்டிய தழும்போடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். ஆனால் முழுச் சோதனை என்றால் ஐம்பது இடங்கள். அத்தனை இடங்களில் வைத்துப் பார்ப்பதெல்லாம் அன்றாட ஓ.பி.யில் நடக்கிற காரியமா? 2011இல் மார்வின் குட்டியரெஸ் குழுவினர் 14 விலா இடைவெளிகளைப் பார்த்தாலே போதும் என்று சுருக்கினார்கள். முடக்கு வாதத்துக்கு இந்தச் சோதனை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நோயில் தழும்பு பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதியில், உறையை ஒட்டியே தொடங்குகிறது. அல்ட்ராசவுண்டுக்கு எட்டுவதும் உறையை ஒட்டிய அந்த ஓரம்தான். நோய் உள்ளே ஆழத்தில் தொடங்கியிருந்தால் இந்தக் கருவியால் பயனே இருந்திருக்காது.

பார்த்துவிட்டால் போதுமா

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. அன்று அந்த மருத்துவரும் நிதானமாகத்தான் பேசினார். பி கோடு என்பது நோயின் பெயரில்லை. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்கினாலும் இதே கோடுகள் வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போனாலும் வரும். நிமோனியாவிலும் வரும். வயதானவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக எந்த நோயும் இல்லாமலேகூட வரும். வித்தியாசம் மேலே கிடக்கும் உறைக்கோட்டில் இருக்கிறது. நீர் தேங்கியதென்றால் அது வழுவழுப்பாக இருக்கும். தழும்பென்றால் தடித்து, அரித்ததாக, துண்டு துண்டாகத் தெரியும். பெரியம்மாவுக்கு அது கரடுமுரடாக இருந்தது. அப்படியும் மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: “எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சி.டி. பார்த்த பிறகுதான் எதுவும் சொல்வேன்.”

சி.டி. எடுத்தோம். இரண்டு நுரையீரலின் அடியிலும், பின்புறமாக, வலைபோட்ட தழும்பு. பரப்பு குறைவு. ஊதிப் பார்க்கும் சோதனையில் மூச்சின் கொள்ளளவு ஏறக்குறைய இயல்பு. வாயுக்கள் ரத்தத்தில் கலக்கும் திறனை அளக்கும் சோதனையில்தான் குறை தெரிந்தது. ஊதும் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இதுவும் தப்பியிருக்கும்.

அப்படியானால் எல்லோருக்கும் நேரே சி.டி. எடுத்துவிடலாமே என்று என் தம்பி கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. சி.டி.தான் முடிவு சொல்லும் சோதனை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டு மறந்துவிடுகிற விஷயமில்லை இது. இன்று இல்லாத தழும்பு ஐந்து ஆண்டு கழித்து வரலாம். கதிர்வீச்சு, செலவு, மாவட்டத் தலைநகருக்கு ஒரு பயணம், கூடவே ஒருவருடைய ஒருநாள் கூலி என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக முடக்கு வாதம் இருக்கிறது. அத்தனை பேரையும் ஆண்டுதோறும் சி.டி. எந்திரத்துக்குள் அனுப்ப எந்த நாட்டாலும் ஆகாது. அல்ட்ராசவுண்டின் பலம் வேறு. பி கோடுகளே இல்லையென்றால் இந்த நுரையீரல் நோய் இருக்கும் வாய்ப்பு வெகு குறைவு. கோடுகள் இருந்தால் சி.டி.க்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வாசலில் நின்று யாரை உள்ளே அனுப்புவது என்று பார்க்கும் வேலைக்கு இது போதும். பார்க்கிறவரின் கைத்திறனைப் பொறுத்து முடிவு மாறும் என்ற குறை இருக்கவே இருக்கிறது. மூச்சுக்குழாய் நோயையும், உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டியையும் இது காட்டாது. கோடு இல்லை என்றதால் நுரையீரலே நலம் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

மாத்திரை மேல் விழுந்த பழி

சி.டி. அறிக்கை வீட்டுக்கு வந்ததும் உறவுக்கூட்டம் தீர்ப்பு சொல்லிவிட்டது: எல்லாம் அந்த வாரமாத்திரையால் வந்தது, உடனே நிறுத்து. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் தருகிற மருந்து என்று யாரோ கைப்பேசியில் காட்ட, பெரியம்மா மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. மெத்தோட்ரெக்சேட் அரிதாக நுரையீரலில் திடீர் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று குறுகிய காலத்தில் வரும், மருந்தை நிறுத்தியாக வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மெல்லப் படியும் தழும்புக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் பொதுவாகக் காட்டுவது. மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் நோய் தாமதமாகவே வந்திருக்கிறது என்றுகூடச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தை நிறுத்தி மூட்டு நோயைக் கிளப்பிவிட்டால் நுரையீரலுக்கும் நல்லதில்லை. பெரிய மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கிய பிறகு பூட்டு திறந்தது. அட்டையை எடுத்துக் கொடுத்தபோதும் பெரியம்மாவின் முகத்தில் முழு நம்பிக்கை இல்லை.

பூட்டுப் போட்ட கருவி

இவ்வளவு எளிய சோதனையை ஏன் ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூடாது என்ற கேள்வி வரும். கைப்பேசியில் செருகிப் பார்க்கும் அளவுக்குச் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவிகள் இன்று வெளிநாட்டு மருத்துவர்களின் சட்டைப்பையில் இருக்கின்றன. நம் நாட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொன்றும், அது இதயம் பார்ப்பதானாலும் மணிக்கட்டு பார்ப்பதானாலும், அரசிடம் பதிவாக வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள், யார் இயக்குகிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். எடுத்துச்செல்லும் கருவிகளுக்கு 2012க்குப் பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. மூட்டுவாத மருத்துவர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலைய முகாமுக்குக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்வர முடியாது.

மருத்துவர்கள் இதைப் பற்றிச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். என்னால் முழுதாக அவர்கள் பக்கம் நிற்க முடியவில்லை. பெண்சிசுக் கொலைச் செய்திகளில் அடிபட்ட உசிலம்பட்டி எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டிவந்தது என்பதை மறக்கிற வயதும் எனக்கு ஆகவில்லை. சட்டம் இருக்கட்டும். ஆனால் எழுபதை நெருங்கும் ஒரு பெண்ணின் முதுகில் வைக்கப்படும் கருவிக்கும் அதே பூட்டா என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் யோசிக்கலாம். ஸ்கேன் அறைச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “எனக்கு இனிமேல் எது பிறந்தாலும் சரி” என்று பெரியம்மா சொன்னதில் அந்த அறையே சிரித்தது.

முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். மூட்டுவாதப் பிரிவுகள் பலவற்றில் கருவி ஏற்கெனவே பதிவாகி, மேசைமேல் இருக்கிறது. புகைபிடித்தவர், வயது கூடியவர், ஆண்கள், ரத்தத்தில் ஆன்டி சிசிபி என்ற, முடக்கு வாதத்தைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு மிக அதிகமாக இருப்பவர், மூட்டு நோய் அடங்காமலே இருப்பவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்று தெரியும். மணிக்கட்டைப் பார்த்து முடித்ததும் இவர்களை ஒருமுறை திரும்பி உட்காரச் சொல்ல என்ன தடை? நேரம் இல்லை என்பார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பாவது முதுகின் அடிவரை இறங்கலாம். அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. அறிகுறியே இல்லாத சிறு தழும்பு எல்லோருக்கும் வளர்வதில்லை. யாருக்கு வளரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இன்று வழியில்லை. எதற்கு அவர்களைப் பயமுறுத்த வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வளர்கிற தழும்புக்கு இன்று மருந்து இருக்கிறது. 2019இல் வெளியான பெரிய மருந்துச் சோதனையில், இப்படி முற்றிவரும் நுரையீரல் நோயாளிகளில் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் 188 மில்லிலிட்டர் மூச்சுக் கொள்ளளவை இழந்தபோது, நின்டெடானிப் என்ற அந்த மருந்தை எடுத்தவர்கள் 81 மில்லிலிட்டர்தான் இழந்தார்கள். போனதை அது மீட்டுத் தராது, போகும் வேகத்தைக் குறைக்கும். அப்படியென்றால் முன்னாலேயே தெரிந்து, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதில்தான் லாபம். வயிற்றுப்போக்கு இந்த மருந்தின் பெரிய தொல்லை என்பதால் பெரியம்மாவுக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டாயிற்று. விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதும் சோதனை, அந்த இளம் மருத்துவர் பணியில் இருந்தால் கூடவே முதுகில் ஜெல்.

இதற்கிடையில் முழங்கால் மாற்று அறுவைசிகிச்சை பற்றிப் பேச்சு தொடங்கியிருக்கிறது. மயக்க மருத்துவர் முதலில் கேட்டது அந்த சி.டி. படத்தைத்தான். முழு மயக்கம் தராமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டே செய்துவிடலாம் என்றிருக்கிறார். பெரியம்மா தயங்குவது ஊசிக்காக இல்லை. புது முழங்காலோடு நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டால் மூச்சு வாங்குவது ஊருக்கே தெரிந்துவிடுமாம். தெரிந்தால் நல்லதுதான் என்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.